கல்லாலின் நிழலில் கேள்விக்கும் இடம் உண்டு

இந்து சமய மரபில் குருவின் மௌனமே உபதேசங்களுள் தலையாயது என்றும், அதனால் நூற்பயிற்சியும் வினாவும் விளக்கமும் ஞான நாட்டமுடையவருக்கு வேண்டாத சுமைகளே என்றும் ஒரு கருத்து, யாரும் எதிர்த்துக் கேட்காத உண்மைபோல இன்று வழங்கிவருகிறது. சமயச் சொற்பொழிவுகளிலும், இதழ்களின் ஆன்மிகப் பக்கங்களிலும், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய தங்குமிடங்களில் கட்டணம் வாங்கி நடத்தப்படும் மௌன முகாம்களிலும் இது ஒரே குரலில் சொல்லப்படுகிறது. சான்றாகக் கல்லால மரத்தடியில் அமர்ந்த தட்சிணாமூர்த்தியும், திருவண்ணாமலையில் அமர்ந்த ரமண மகரிஷியும் காட்டப்படுகிறார்கள். இக்கருத்தின் முற்பகுதியை மரபு ஒப்புக்கொள்கிறது. அதை மறுக்க இடமில்லை. ஆனால் முற்பகுதியிலிருந்து பிற்பகுதி தானே பிறக்கும் என்று கொள்வது மரபை அறியாமையால் நேர்ந்த பிழை. அறிந்தே சொல்லப்படுமாயின் அது மாணவனின் வாயை அடைக்கும் வழி. மௌனம் ஒரு கேள்விக்கு விடையாக நிற்கும்போதுதான் உபதேசமாகிறது என்பதையும், எழுந்த கேள்வி தடுக்கப்படும் இடத்தில் அது வெறும் பேசாமையாகவே முடிகிறது என்பதையும் இக்கருத்தைச் சொல்வோர் காட்டும் சான்றுகளைக் கொண்டே நிறுவலாம்.

பொத்தேரியிலிருந்து தெற்கே செங்கல்பட்டு வரையும் கிழக்கே மாமல்லபுரக் கடற்கரை வரையும் விரியும் நிலப்பகுதிக்கு இவ்விவாதத்தில் தனி உரிமை உண்டு. இதற்குரிய சான்றுகளுள் சில இந்த வட்டாரத்திலும் பக்கத்துக் காஞ்சிபுரத்திலுமே கல்லாகவும் ஏடாகவும் நிற்கின்றன. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. பொத்தேரி ரயில் நிலையத்தில் நாள்தோறும் இறங்கி வகுப்புக்குச் செல்லும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் கேட்பதையே தொழிலாகக் கொண்ட வயதினர். பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் கேள்வி வேண்டும், ஆன்மிகத்துக்கு மட்டும் வாய்மூடல் போதும் என்று அவர்களிடம் சொல்வது, அவர்களுக்கும் கேடு, அவர்கள் பெறவேண்டிய மரபுக்கும் கேடு.

முதலில் தட்சிணாமூர்த்தியின் திருவுருவத்தையே பார்க்கலாம். சிவாலயங்களில் கருவறைப் புறச்சுவரின் தென்புறத் தேவகோட்டத்தில், அதாவது இறையுருவை வைப்பதற்கென்று சுவரில் அமைக்கப்படும் மாடத்தில், இவ்வடிவம் தெற்கு நோக்கி அமர்த்தப்படுகிறது. வலது காலின் கீழ் முயலகன் கிடக்க, முன்வலக்கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கூடிய சின்முத்திரை விளங்குகிறது. பேசாமல் உணர்த்தும் குறி அதுதான். ஆனால் ஆகமங்கள் 'வியாக்கியான தட்சிணாமூர்த்தி', அதாவது விளக்கவுரை சொல்லும் தட்சிணாமூர்த்தி, என்று பெயரிட்டிருக்கும் இவ்வடிவத்தின் முன்னிடக்கையில் பெரும்பாலும் இருப்பது ஓலைச்சுவடி. சொல்லே வேண்டாம் என்பதுதான் இவ்வடிவத்தின் கருத்தாக இருந்திருந்தால், சிற்பிகள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கையில் நூலைச் செதுக்கிவந்திருக்க மாட்டார்கள். வலக்கை காட்டுவது நூல் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம். இடக்கை காட்டுவது அங்கே சென்ற வழி. வியாழக்கிழமைகளில் தட்சிணாமூர்த்தியை நவக்கிரக குருவாகிய வியாழனோடு ஒன்றாகக் கருதி மஞ்சள் ஆடையும் கொண்டைக்கடலை மாலையும் சாத்தும் வழக்கம் பரவியபின், பல கோயில்களில் அந்தச் சுவடி ஆடைக்குள் மறைந்து போகிறது. வரிசையில் நின்று வணங்குவோர் முகத்தை மட்டும் பார்த்துத் திரும்புகிறார்கள்; அவர்கள் குற்றமில்லை, ஆனால் கையில் நூல் இருப்பதை அவர்களுக்கு யாரேனும் சொல்லியிருக்க வேண்டும்.

திருவுருவம் சொல்வதையே புராணமும் சொல்கிறது. காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் அரங்கேறியதாக மரபு கூறும் கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில், உற்பத்தி காண்டத்து மேருப்படலம் இந்த நிகழ்ச்சியை விரிக்கிறது. சனகர் முதலிய முனிவர் நால்வர் வேதங்களை முழுதும் கற்றபின்னும் மனம் அடங்காமல் சிவபெருமானிடம் வருகிறார்கள். பெருமான் உடனே மௌனத்தில் ஆழ்ந்துவிடவில்லை. ஆகமத்தின் நான்கு பாதங்களுள் புறவழிபாடாகிய சரியை, பூசைமுறையாகிய கிரியை, உள்ளத்தை ஒருக்கும் யோகம் ஆகிய மூன்றையும் அவர்களுக்கு முதலில் எடுத்துரைக்கிறார். எஞ்சிய ஞானபாதத்தை அவர்கள் வேண்டிக் கேட்டபோதே சொல் நின்று முத்திரை தோன்றுகிறது. வேதம், அதன்மேல் ஆகமம், அதன்மேல் ஒரு கேள்வி, அதன்மேல் மௌனம் என்பதே இதன் வரிசை. இவ்வரிசையின் கடைசிப் படியை மட்டும் பெயர்த்தெடுத்து வார இறுதியில் எவருக்கும் வழங்கலாம் என்பது கச்சியப்பர் காட்டிய வழி அன்று. அந்நூலில் அந்த மௌனம் நிலையாகவும் நீடிப்பதில்லை. சிவபெருமானின் மோனத்தால் உலகியல் தடைப்பட்டுத் தேவர்கள் வருந்த, மன்மதன் ஏவப்பட்டு எரிகிறான். அந்தக் காமதகனப் படலத்துக்குப் பின்னர் வருவது மோனநீங்கு படலம். மௌனத்தைப் பாடிய புலவர், மௌனம் நீங்கியதற்கும் ஒரு படலம் வகுத்திருக்கிறார்.

அந்த நால்வருள் ஒருவராகிய சனற்குமாரர் பின்னர் எப்படிக் கற்பித்தார் என்று பார்ப்பது இங்கே இன்றியமையாதது. சாந்தோக்கிய உபநிடதத்தின் ஏழாம் பகுதியில் நாரதர் அவரிடம் மாணவராக வருகிறார். தாம் கற்ற வேதங்கள், இதிகாச புராணங்கள், இலக்கணம், கணிதம், வானநூல் முதலியவற்றையெல்லாம் பட்டியலிட்டு, இத்தனையும் கற்றும் ஆன்மாவை அறியாமல் துயருறுவதாக ஒப்புக்கொள்கிறார். நூலறிவின் எல்லையைக் காட்ட இதைவிடச் சிறந்த இடம் இல்லை; மௌனம்தான் ஒரே வழியென்றால், மௌனத்தால் கற்ற சனற்குமாரர் அதையே நாரதருக்கும் கொடுத்திருக்க வேண்டும். அவரோ பெயரில் தொடங்கி, வாக்கு, மனம், எண்ணம், தியானம், உணவு, நீர், ஒளி, வெளி, நினைவு, உயிர்ப்பு என்று படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நாரதர் இதனினும் மேலானது உண்டா என்று கேட்கக் கேட்க அடுத்ததைச் சொல்லி, எல்லையற்ற பூமா எனும் நிறைவில் கொண்டு சேர்க்கிறார். வாக்கு என்ற படியில் அவர் சொல்வது இன்றைய கருத்துக்கு நேர் எதிர்: வாக்கு இல்லாதிருந்தால் அறமும் மறமும், மெய்யும் பொய்யும் அறியப்படாமலே போயிருக்கும் என்கிறார். கல்லாலின் நிழலில் மௌனமாகப் பெற்றவர் தம் மாணவருக்குக் கொடுத்தது சொல்லையே என்பதைவிட வலுவான மறுப்பை வெளியிலிருந்து தேட வேண்டியதில்லை.

மௌனக் கட்சியினர் விரும்பி எடுத்துக்காட்டும் மற்றொரு கதை பிரம்ம சூத்திரத்துக்குச் சங்கரர் எழுதிய உரையில், மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறது. பாஷ்கலி என்பவர் பாத்வர் என்ற ஞானியிடம் பிரம்மத்தைப் பற்றிக் கேட்க, பாத்வர் பேசாதிருக்கிறார். மீண்டும் மீண்டும் கேட்டபின், தாம் சொல்லிக்கொண்டுதான் இருப்பதாகவும், கேட்டவர்தான் உணரவில்லை என்றும், ஆன்மா அமைதியானது என்றும் விடை தருகிறார். இக்கதை மௌனத்தின் பெருமையைச் சொல்கிறது என்பது உண்மையே. ஆயினும் கதை எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். கேட்டவர் உணராதபோது, தம் மௌனம் விடைதான் என்பதைப் பாத்வர் வாய்திறந்தே சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரு வாக்கியம் இல்லையென்றால் பாஷ்கலி வந்தபடியே திரும்பியிருப்பார். மாணவர் திரும்பத் திரும்பக் கேட்டதற்காகக் கடியப்படவும் இல்லை. இக்கதையைப் பாதுகாத்துத் தந்ததும், மறுப்பும் விடையுமாகச் சொல்லால் நெய்யப்பட்ட ஓர் உரைநூலே.

தமிழ்ச் சைவ சித்தாந்தம் இவ்விஷயத்தில் இன்னும் தெளிவானது. குரு மாணவனைப் பக்குவப்படுத்தும் தீட்சை ஏழு வகை என்று அது கணக்கிடுகிறது: பார்வையால் நயனம், தொடுதலால் பரிசம், சொல்லால் வாசகம், எண்ணத்தால் மானசம், நூலைக் கற்பிப்பதால் சாத்திரம், யோகம், வேள்வியோடு கூடிய ஔத்திரி. பேசாமல் நிகழும் பார்வையும் எண்ணமும் இப்பட்டியலில் இடம்பெறுவதுபோலவே வாசகமும் சாத்திரமும் இடம்பெறுகின்றன. எது யாருக்கு என்பது மாணவரின் பக்குவத்தைப் பொறுத்தது. அந்தப் பக்குவத்தைக் குரு கண்டறிய மாணவர் தம்மை வெளிப்படுத்த வேண்டும். வெளிப்படுத்தும் வழிகளுள் முதன்மையானது கேள்வி.

இதற்கு மரபு தரும் மிக அழகிய காட்சி திருவெண்ணெய்நல்லூரில் நிகழ்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில், ஆகமங்கள் அனைத்தையும் கற்றவர் என்பதால் சகலாகம பண்டிதர் எனப்பட்ட அருணந்தி, இளஞ்சிறுவராகிய மெய்கண்டார் பாடம் சொல்லும் இடத்துக்குச் சென்று, உயிரை மறைக்கும் ஆணவ மலத்தின் இயல்பு யாது என்று நின்றபடியே கேட்டாராம். மெய்கண்டார் பேசவில்லை, அவரை நோக்கினார், அவ்வளவே. கேட்டு நிற்கும் நிலையே ஆணவத்தின் வடிவம் என்று உணர்ந்த பண்டிதர் அக்கணமே சிறுவரின் அடியில் விழுந்தார் என்பது வரலாறு. மௌன உபதேசம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்: குறிப்பிட்ட ஒருவர் கேட்ட குறிப்பிட்ட கேள்விக்கு, அவரை முழுதும் அறிந்த குருவின் குறிதவறாத விடை. அக்கேள்வி இல்லாதிருந்தால் அந்தப் பார்வைக்கு எந்தப் பொருளும் இருந்திராது. கேட்டவர் ஆகமங்களைக் கரைத்துக் குடித்தவராக இல்லாதிருந்தால் அவ்விடை அவருக்குள் இறங்கியிருக்காது. பின்னர் அருணந்தி வாய்மூடி அமர்ந்துவிடவும் இல்லை. பிற சமயக் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கும் பரபக்கத்தையும் தம் கொள்கையை நிறுவும் சுபக்கத்தையும் உடைய சிவஞான சித்தியாரை இயற்றினார். இருபா இருபஃது என்ற நூலில் தம் குருவை முன்னிறுத்தியே கேள்விமேல் கேள்வியாகத் தொடுத்தார். மௌனத்தால் ஆட்கொள்ளப்பட்டவர் இயற்றிய நூல் கேள்விகளாலானது என்பது தமிழ்ச் சைவத்தின் தனிப்பெருமை.

இனி ரமணரிடம் வரலாம். இன்றைய கருத்தின் வலிமை முழுதும் அவர் பெயரில்தான் நிற்கிறது. மௌனமே உயர்ந்த உபதேசம் என்று அவர் பலமுறை சொன்னார் என்பதை எவரும் மறுக்க வேண்டியதில்லை. 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்த பதினாறு வயது வேங்கடராமன் முதற்சில ஆண்டுகள் ஏறக்குறைய பேசாமலே இருந்தார். அதை ஒரு விரதமாக மேற்கொள்ளவில்லை, பேசத் தோன்றவில்லை, அவ்வளவே என்று அவரே பின்னாளில் விளக்கினார். ஆனால் அந்தப் பேசாத ஆண்டுகளிலேயே நடந்தவை கவனத்துக்குரியவை. பணிவிடை செய்த பழனிசாமி மலையாளி. தமிழ் நூல்களைப் படிக்க அவர் திணறுவதைக் கண்ட ரமணர், அந்நூல்களைத் தாமே வாங்கிப் படித்துச் சாரத்தை அவருக்கு விளக்கினார். நகராட்சி ஊழியரான கம்பீரம் சேஷய்யர் கேட்ட ஐயங்களுக்குத் துண்டுக் காகிதங்களில் விடை எழுதிக் கொடுத்தார். 1901, 1902 ஆண்டுகளில் வருவாய்த் துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை தாம் யார் என்ற கேள்வியோடு தொடங்கி அடுக்கடுக்காகக் கேட்டபோது மணலிலும் பலகையிலும் காகிதத்திலும் எழுதிக் காட்டினார். அவ்விடைகளே 1923இல் 'நான் யார்?' என்ற நூலாக அச்சேறின. மணலில் விரலால் எழுதிய அந்த இளைஞர் சொல்லைத் துறந்தவர் அல்லர். எதிரே ஒருவர் உண்மையாகக் கேட்கிறார் என்றால், வாய் பேசாத நிலையிலும் சொல்லைத் தேடிக் கொடுத்தவர்.

பிற்காலம் இதை இன்னும் உறுதிப்படுத்துகிறது. 1927இல் உபதேச உந்தியார், 1928இல் உள்ளது நாற்பது. 1935 முதல் 1939 வரையிலான உரையாடல்களை முனகால வெங்கட்ராமய்யா எழுதிவைத்தது தனியே ஒரு பெருநூல். தட்சிணாமூர்த்தியின் மௌனத்தைப் போற்றும் சங்கரரின் துதியை ரமணரே தமிழாக்கினார். அந்த மௌனம் எல்லாருக்கும் எட்டாது என்பதால்தான், எட்டாதவரும் அறியட்டும் என்று சங்கரர் அத்துதியை இயற்றினார் என்று விளக்கமும் தந்தார். மௌனம் உயர்ந்தது என்று சொன்ன அதே ரமணர், அது போதாதவருக்குச் சொல் வேண்டும் என்பதையும் தம் செயலால் காட்டியிருக்க, அவர் சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. புதுச்சேரியில் 1926 நவம்பரில் தனிமைக்குள் சென்ற ஸ்ரீ அரவிந்தரும் இதற்கு வேறானவர் அல்லர். தரிசன நாட்களில் ஒரு சொல்லும் பேசாமல் அமர்ந்த அவர், 1930களில் சீடர்களின் ஐயங்களுக்கு ஆயிரக்கணக்கான கடிதங்களில் விடை எழுதினார்.

ரமணரின் மௌனத்தை உலகம் அறிந்த வழி செங்கல்பட்டு ஊடாகச் சென்றது என்பதை இவ்வட்டாரத்தாரே பலர் மறந்துவிட்டார்கள். ஆங்கிலேயரான பால் பிரண்டன் இந்தியாவில் ஞானிகளைத் தேடி அலைந்தபோது, எழுத்தாளர் கா. சி. வேங்கடரமணி அவரை அப்போது செங்கல்பட்டில் தங்கியிருந்த காஞ்சி காமகோடி பீடத்துச் சங்கராசாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதியிடம் அழைத்துச் சென்றார். பிரண்டன் உலக நிலைமை முதல் யோகம் வரை கேட்டார். ஆசாரியார் பொறுமையாக விடை சொன்னார். இறுதியில், ரமணரைக் காணாமல் தென்னாட்டை விட்டுப் போக வேண்டாம் என்று அறிவுறுத்தினார். வேதக் கல்வியையும் சாத்திர விசாரத்தையும் வாழ்நாள் பணியாகக் கொண்ட பீடத்தின் தலைவர், ஒருவரின் கேள்விகளைக் கேட்டறிந்தபின், அவருக்கு ஏற்றவர் யார் என்று தேர்ந்து மௌன குருவிடம் அனுப்பியிருக்கிறார். நூல் மரபும் மௌன மரபும் ஒன்றையொன்று மறுப்பவை என்று கருதுவோர் இந்தச் செங்கல்பட்டுச் சந்திப்பை எப்படி விளக்குவார்கள்? திருவண்ணாமலையில் ரமணர் எதிரே பேசாமல் அமர்ந்திருந்தபோது தாம் திரட்டி வைத்திருந்த கேள்விகள் ஒவ்வொன்றாக உதிர்ந்ததாகப் பிரண்டன் 1934இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். மௌனக் கட்சியினருக்கு இதைவிட உவப்பான சாட்சியம் கிடைக்காது. ஆனால் உதிர்வதற்குக் கேள்விகள் இருந்தன. பல ஊர்களில் தேடிச் சேர்த்த கேள்விகள் அவை. அதன்பின்னும் அவர் கேட்டார். கேட்கும் அந்த 'நான்' யார் என்று ரமணர் சொல்லாலேயே திருப்பிக் கேட்டார்.

கேள்வியை விலக்கிய மௌனம் எங்கே போய் முடியும் என்பதை மாமல்லபுரத்துச் சிற்பிகள் ஏழாம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தார்கள். அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தபசு என்றும் இருவகையாகச் சொல்லப்படும், ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள பெரும்பாறைச் சிற்பத்தில், எலும்பு தெரிய மெலிந்த தவசி ஒருவர் ஒற்றைக் காலில் நின்று இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தியிருக்கிறார். அதே பாறையில், பெரிய யானையின் அருகே, ஒரு பூனையும் பின்கால்களில் நிமிர்ந்து, முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கி, வயிறு ஒட்டித் தவம் செய்கிறது. அதைச் சுற்றி எலிகள் அச்சமின்றிக் கூடியிருக்கின்றன. மகாபாரதத்திலும் வரும் பொய்த்தவப் பூனையின் கதை இது. தவம் கண்டு நம்பி வந்த எலிகளையே அது தின்று கொழுத்தது. வெளித்தோற்றத்தில் தவசிக்கும் பூனைக்கும் வேறுபாடு மிகக் குறைவு: இருவரும் பேசவில்லை, இருவரும் அசையவில்லை. வேறுபாட்டை அறிய எலிகளுக்கு இருந்த வழி கேட்டறிவது ஒன்றே. குருவிடம் கேட்காதே, அருகே பேசாமல் அமர்ந்தால் போதும் என்று இளைஞருக்குச் சொல்பவர்கள், அந்த ஒரே பாதுகாப்பையும் அவர்களிடமிருந்து பறிக்கிறார்கள். மௌனியாக நடிப்பது பண்டிதராக நடிப்பதைவிட எளிது. பண்டிதரின் பிழையைச் சொல் காட்டிக்கொடுத்துவிடும், பேசாதவரின் பிழையைக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. பிழை செய்யாத மௌன குருமார் இருந்தார்கள், இருக்கவும் கூடும். அவர்களை அறிவதற்கே கேள்வி வேண்டும்.

மௌனத்தின் நன்மை உடலுக்கும் மனத்துக்கும் அனுபவமாகவே கிடைக்கிறதே, அதற்கு விளக்கம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். இரைச்சல் மிகுந்த வாழ்க்கையில் இரண்டு நாள் பேசாதிருப்பது நல்ல ஓய்வு. அதை எவரும் பழிக்க வேண்டியதில்லை. அதற்கு உபதேசம் என்ற பெயரையும் தட்சிணாமூர்த்தியின் படத்தையும் சூட்டும்போதுதான் வழக்கு எழுகிறது. ஓய்வு எவருக்கும் பொது. உபதேசம் ஒருவருக்கு ஒருவர் தருவது, பெறுபவரின் நிலையறிந்து தருவது.

மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள திருப்போரூரில் பதினேழாம் நூற்றாண்டில் முருகன் கோயிலை எழுப்பிய சிதம்பர சுவாமிகள் இம்மண்ணின் ஞானிகளுள் முதன்மையானவர். பேரூர்ச் சாந்தலிங்க அடிகள், அவர் மாணவர் குமாரதேவர், அவர் மாணவர் சிதம்பர சுவாமிகள் என்று வரும் இக்குருமரபு உள்முகத் தவத்துக்குப் பெயர்பெற்றது. ஆனால் சிதம்பர சுவாமிகள் குருவின் முன் அமர்ந்த நினைவை மட்டும் வைத்துக்கொண்டு நிறைவடையவில்லை. குருவின் குருவாகிய சாந்தலிங்கரின் நூல்களுக்கு, பின்வருவோர் ஐயமறக் கற்கும்படி உரை எழுதினார். திருப்போரூர் முருகன்மேல் 726 பாடல்கள் கொண்ட சந்நிதிமுறையையும் பாடினார். அவருடைய சமாதி திருப்போரூரை அடுத்த கண்ணகப்பட்டு மடத்தில் இருக்கிறது. மௌன முகாம்களுக்காகக் கடற்கரைச் சாலையில் வருவோர் அம்மடத்துக்கும் ஒருமுறை செல்லலாம். செல்பவர்கள் சாந்தலிங்கரின் வைராக்கிய சதகத்தைச் சிதம்பர சுவாமிகளின் உரையோடு ஒரு பாடலாவது படித்து, விளங்காத இடத்தைக் குறித்துக்கொண்டு, தம் குரு எவரோ அவரிடம் போய் அதைக் கேட்க வேண்டும். அவர் விடை சொன்னால் நல்லது. விடையாகவே மௌனம் காத்தால் அதுவும் நல்லது. கேட்டதே குற்றம் என்று அவர் சினந்தால், தட்சிணாமூர்த்தியின் பெயரைச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை.